ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் ஒரு சுற்றுலா

வெள்ளி, ஏப்ரல் 3, 2020

இன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் விமான நிலையத்தில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, ஐந்து மாதங்களுக்கு முன்பே பயணச்சீட்டு, தங்குமிடம், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் என எல்லாவற்றையும் என் கணவர் ஒழுங்குசெய்து வைத்திருந்தார். மார்ச் மூன்றாம் வாரத்தில் வந்த ஒரே குறுஞ்செய்தியில் அத்தனையும் முடிந்துபோனது. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். ஓராண்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளும்படி எங்கள் பெயரில் வரவு வைத்திருக்கிறார்களாம். விவரம் கேட்க அழைத்தால் இசை ஒலிக்கிறது. அதை நாற்பது நிமிடம் காதில் வைத்துக்கொண்டிருந்ததன் பயன், அந்த மெட்டு அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அதையே முணுமுணுக்கிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது மார்ச் 11ஆம் நாள். இன்றைக்கு உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஏதாவது ஒரு விதியின் கீழ், வீட்டுக்குள் இருக்கிறார்கள். விதிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஸ்பெயினில் நாய் வளர்ப்பவர்கள் அதைச் சாக்கிட்டு வெளியே வரலாம். மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குக்கூட வர முடியாது. பிரிட்டனில் நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சி செய்யலாம். அயர்லாந்தில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் வரை போகலாம். பிரான்சில் 1 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், அதற்கும் நாமே எழுதிக் கையொப்பமிட்ட படிவம் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்திருப்பதும் இந்தக் கடைசி வகைதான்.

மூன்று வாரமாக அவர் சாப்பாட்டு மேசையில் அலுவலகத்தை விரித்திருக்கிறார். நான் அதே மேசையின் மறுமுனையில் என்னுடையதை விரித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பியதும் சொல்வதற்கு ஏதாவது இருந்த காலம் போய்விட்டது. இப்போது அவருக்கு நடந்தது எல்லாம் எனக்கு எதிரிலேயே நடக்கிறது. நேற்றிரவு எட்டு மணிக்கு மேல் நாங்கள் பேசிக்கொண்ட ஒரே வாக்கியம், மின்னேற்றும் கம்பி யாரிடம் இருக்கிறது என்பது.

ஆகவே இன்று மதியம் அவர் பள்ளிக்காலத்துக் கவராயத்தைத் தேடி எடுத்து, அச்சிட்ட வரைபடத்தில் எங்கள் வீட்டின் மேல் அதன் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் வரைந்தபோது, நான் வழக்கம்போல் கேலி செய்யாமல் நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஆரம் 1 கிலோமீட்டர். அப்படியானால் உள்ளே இருக்கும் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர், விளிம்பின் நீளம் 6.28 கிலோமீட்டர். “இந்த விளிம்பை முழுசாச் சுத்தி வந்துடுவோம். நாம போகவேண்டிய ஊருக்குப் பதிலா இது” என்றார். ஒரே நாளில் முடியாது என்பது எனக்கே தெரிந்தது. மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது என் நடை. விளிம்பை அடைய ஒரு கிலோமீட்டர், திரும்பி வர ஒரு கிலோமீட்டர் போனால், ஒரு மணி நேரத்தில் விளிம்பில் நடக்கக் கிடைப்பது 2 கிலோமீட்டர்தான். 6.28ஐ 2ஆல் வகுத்தால் 3.14. பயணம் முடியச் சரியாக ‘பை’ (π) நாட்கள் ஆகும் என்று தெரிந்ததும் அவருக்கு உண்டான மகிழ்ச்சியை, தங்குமிடத்தில் கடல் தெரியும் அறை கிடைத்தபோதுகூட நான் பார்க்கவில்லை. ஒருநாள் சுற்றுலா, நான்கு தவணைகளில். நாலாம் நாளுக்கு மிஞ்சுவது 280 மீட்டர் மட்டும்.

இரவு மொட்டைமாடிக்குப் போனோம். மேற்கே கார்த்திகை மீன்கூட்டத்துக்குள்ளேயே வெள்ளி நுழைந்து நின்றது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெள்ளி இந்த இடத்தில் இப்படி வந்து நிற்கும். அதன் ஒளியில் மற்ற மீன்கள் மங்கிப்போய்விட்டன. கண்ணைக் கூர்ந்து பார்த்துத்தான் நான்கை எண்ணினேன், அவர் ஆறு என்றார். வெள்ளிக்கிழமையில் வெள்ளி என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சனி, ஏப்ரல் 4

காலை ஆறரைக்குப் புறப்பாடு. ஒரு மணி நேர நடைக்கு முதுகுப்பை எதற்கு என்று கேட்டேன். அதற்குள் தண்ணீர், குடை, முதலுதவிப் பொருள்கள், சானிடைசர், வரைபடம், இருவருக்கும் தனித்தனிப் படிவம், படிவம் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னோர் இரண்டு படிவம் ஆகியவை இருந்தன. சுற்றுலா என்றால் பை வேண்டும் என்பது அவருடைய வாதம்.

முகக்கவசம் அணிந்திருந்தோம். நேற்று முன்தினம் வரை நோயாளிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் மட்டுமே அது தேவை என்று சொல்லிவந்த அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், நேற்று எல்லாரும் துணிக்கவசம் அணியலாம் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. அறிவுரை மாறும் வேகத்துக்கு என் தையல் ஈடுகொடுக்கவில்லை. அவருடைய பழைய சட்டையின் கையை வெட்டிக் கைத்தையல் போட்டு இரண்டு செய்திருந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியில் மூச்சு படிந்து படிந்து, முதல் தெருவை அவர் பனிமூட்டத்துக்குள் நடப்பவரைப் போலக் கடந்தார்.

எதிரே ஆள் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் ஒரு மரபு உருவாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1 மீட்டர் இடைவெளி போதும் என்கிறது. பல நாடுகள் 2 மீட்டர் என்கின்றன. நடைபாதையோ ஒன்றரை மீட்டர் அகலம்தான். தூரத்தில் ஒருவர் தெரிந்ததும் அவரும் நாங்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு இறங்கினோம்; பிறகு ஒரே நேரத்தில் மேலே ஏறினோம்; மூன்றாம் முறை அவர் கையை உயர்த்தி எங்களை நிற்கச் சொல்லிவிட்டு, சாலையின் மறுபக்கத்துக்கே போய்விட்டார். போகும்போது தலையை அசைத்தார். பகைமையில்லை, ஆனாலும் அப்படி ஒருவர் நம்மைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது அடிவயிற்றில் ஏதோ செய்கிறது.

இத்தகைய இடங்களில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டியிருந்தது. அவர் முன்னால், நான் பின்னால். அப்போதுதான் அவருடைய பிடரியைப் பார்த்தேன். முடிதிருத்தகங்கள் மூடிக்கிடப்பதால் பத்து நாட்களுக்கு முன் நான்தான் அவருக்கு முடிவெட்டினேன். வெட்டும்போது சீராகத்தான் தெரிந்தது. வெயிலில், நாலடி தள்ளி இருந்து பார்த்தால், இடது காதுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு, அதன் கீழே இன்னொரு படிக்கட்டு, வலப்பக்கம் ஒரு சரிவு. பத்து நாளாக இந்தத் தலையோடுதான் அவர் அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார். நல்லவேளையாகப் படக்கருவி முன்பக்கம் இருக்கிறது. சொல்லவில்லை. பின்னால் நடந்தபடியே அந்தப் படிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

விளிம்பை எட்டுவதற்கு நூறு மீட்டருக்கு முன்னால் தடுப்பு வைத்திருந்தார்கள். காவலர் எங்கள் படிவங்களையும் அடையாள அட்டைகளையும் தூரத்திலிருந்தே காட்டச் சொன்னார்.

“ரெண்டு பேரும் ஒரே வீடா?”

“ஆமாம் சார்.”

“அட்டையில வேற வேற முகவரி இருக்கே?”

என் அட்டையில் இன்னும் பிறந்தவீட்டு முகவரிதான். பதினோரு ஆண்டுகளாக மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் அவசரமாகக் கைப்பேசியில் திருமணப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அதில் இருப்பவருக்கு அடர்ந்த முடியும் மீசையும் இருந்தன. இங்கே நிற்பவருக்கு முகமே சட்டைத்துணிக்குள் இருந்தது. காவலர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்குள் பை வேறு அவர் தோளிலிருந்து நழுவி, உள்ளே இருந்த குடை சாலையில் விழுந்தது.

“அப்பவே சொன்னேன்ல, இந்தப் பை வேணாம்னு? எது சொன்னாலும் கேக்கறதே இல்ல நீங்க” என்றேன்.

காவலரின் கண்களில் ஏதோ தளர்ந்தது. “சரி சரி, போங்கம்மா” என்றார். வேறெந்த ஆவணமும் கேட்கவில்லை.

பனாமாவில் ஏப்ரல் 1 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெளியே வர வெவ்வேறு நாட்களை ஒதுக்கியிருக்கிறார்கள்: பெண்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி; ஆண்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி; ஞாயிறு யாருக்கும் இல்லை. பெருவிலும் நேற்று அதேபோன்ற விதி வந்திருக்கிறது. வீதியில் இருப்பவர்களை எண்ணிக் கட்டுப்படுத்துவதற்கு அது எளிய வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து தெருமுனை வரைகூடப் போக முடியாது என்பதை எண்ணியபோது, எங்கள் 1 கிலோமீட்டர் பெரிதாகத் தோன்றியது.

தடுப்பின் காரணமாகச் சுற்றுப்பாதை மாறி, விளிம்பில் நடக்க முடிந்தது 700 மீட்டர்தான். அவர் வரைபடத்தில் அதைச் சிவப்புப் பென்சிலால் தடித்தார். ‘பை’ கணக்கு முதல் நாளே கெட்டுவிட்டது.

ஞாயிறு, ஏப்ரல் 5

இன்றைய நாள் முழுவதும் காதுக்கு.

பெல்ஜியத்தின் அரச வானாய்வகத்து நிலநடுக்க ஆய்வாளர்கள், ஊரடங்கு தொடங்கியபின் பிரஸ்ஸல்ஸ் நகரில் மனித நடமாட்டத்தால் நிலத்தில் உண்டாகும் அதிர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதாகக் கண்டிருக்கிறார்கள் என்று இந்த வாரம் படித்தேன். வண்டிகள், ரயில்கள், இயந்திரங்கள், நம் எல்லாருடைய போக்குவரத்தும் சேர்ந்து பூமியை ஓயாமல் நடுங்கவைத்துக்கொண்டிருந்தனவாம். அந்த இரைச்சல் அடங்கியதால், முன்பு கருவிகளில் மூழ்கிப்போன சிறு நடுக்கங்கள்கூட இப்போது தெரிய வாய்ப்பிருக்கிறதாம். பாதத்துக்குக் கீழே அமைதியாகிவிட்டது என்பதைப் படித்தபின், நடக்கும்போது காலை மெதுவாக வைக்கத் தோன்றியது.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கமும் ஒரு வண்டிகூட இல்லை. இருவரும் நின்றுவிட்டோம், பழக்கத்தால். நின்றபின் கடக்கவும் தோன்றவில்லை. அப்போது சாலையோரத்துச் சாம்பல்நிறப் பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது, சிவப்பு பச்சையாயிற்று. மறுபடி நின்று கேட்டோம். ‘டக்’, மஞ்சள். ‘டக்’, சிவப்பு. ஏழு ஆண்டுகளாக நாள்தோறும் கடக்கும் சந்தி இது. அந்தப் பெட்டிக்கு ஒரு குரல் இருப்பதை இன்றுதான் கேட்டோம். நான்கு சுற்று முடியும்வரை அங்கேயே நின்றிருந்தோம். யாராவது மாடியிலிருந்து பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று கேட்டது. ஒரு தையல் இயந்திரம். வாய்ப்பாட்டை ஏழாம் எண்ணில் தடுமாறித் தடுமாறிச் சொல்லும் ஒரு சிறுவன். மேல்தளத்தில் நாற்காலி இழுபடும் ஓசை. “ஏழெட்டு அம்பத்தாறுடா” என்று அவர் தெருவில் நின்றபடியே மெல்லச் சொன்னார். சிறுவனுக்குக் கேட்டிருக்காது.

விளிம்பில் 1.4 கிலோமீட்டர் நடந்தோம். இன்னும் நடந்திருக்கலாம், பத்து நிமிடத்தை ஒரு பாசி எடுத்துக்கொண்டது.

செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது அது கண்ணில் பட்டது. நடைபாதையின் இரண்டு கற்களுக்கு இடையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, யாரோ வெள்ளிப்பொடி கொட்டியதைப்போல ஒரு திட்டு. கல்லூரியில் தாவரவியல் படித்த மூன்று ஆண்டுகளில் எனக்கு மிஞ்சியிருக்கும் சில பெயர்களில் ஒன்று இதனுடையது: பிரையம் அர்ஜென்டியம். அண்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் வளரும் பாசி இது. நகரங்களின் நடைபாதைதான் இதற்கு மிகவும் உவப்பான இடம். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் வேர் இதற்குக் கிடையாது. இலைநுனிகளில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளிநிறம்; கடும் வெயிலை அது திருப்பி அனுப்பிவிடும். கண்ணை மிக அருகில் கொண்டுபோனால், ஒவ்வொரு தண்டும் சில மில்லிமீட்டர் உயரத்தில், இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இறுக்கிப் பின்னிய சடையைப்போல நிற்பது தெரியும்.

“செத்துப்போச்சா?” என்று கேட்டார்.

பையிலிருந்த தண்ணீர்க் குப்பியைக் கேட்டு வாங்கினேன். (பை இன்றும் வந்திருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை.) மூடியில் ஊற்றி, நாலைந்து சொட்டு விட்டேன். சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சடைகள் தளர்ந்தன. ஒட்டிக்கிடந்த இலைகள் விலகின. அடியிலிருந்து ஒரு பச்சை மேலேறி வந்தது, பழைய துணியில் சாயம் பரவுவதைப்போல. அவர் முழங்காலிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். காய்ந்துகிடப்பது இதற்கு ஓர் ஒடுக்கம், சாவு அல்ல, ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும் என்று சொன்னேன். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றார். நான் தாவரவியல் படித்தது அவருக்குத் தெரியும். ஆனால் அதில் எனக்கு எதுவெல்லாம் பிடித்திருந்தது என்பதை அவர் கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. திரும்பும் வழி முழுவதும் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

இந்தப் பாசியின் துண்டுகள் நடப்பவர்களின் செருப்படியில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். இப்போது அதன் பயணமும் ரத்தாகியிருக்கிறது; வரவு வைத்துக்கொள்ள அதற்கு ஆளில்லை.

திங்கள், ஏப்ரல் 6

சண்டை. சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

பூட்டிக்கிடக்கும் பூங்காவின் மதிலோரம், ஒரு மரத்தடியில் ஒரு கல்பெஞ்சு இருக்கிறது. எனக்குக் கால் வலித்தது. அவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் அது 1.02 கிலோமீட்டர் என்றார். 20 மீட்டருக்காக யாரும் தூக்கில் போட மாட்டார்கள் என்றேன். எல்லாரும் அப்படி 20 மீட்டர் தளர்த்தினால் விதி எதற்கு என்றார். திறந்தவெளியிலேயே கைப்பேசியின் இடங்காட்டி ஐந்து மீட்டர் வரை தவறும், கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகமாகத் தவறும், ஆகவே பெஞ்சு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது அதற்கே தெரியாது என்றேன். அதற்காகத்தான் பாதுகாப்பாக உள்ளேயே நிற்க வேண்டும் என்றார். பிறகு பேச்சு பெஞ்சைவிட்டு எங்கெங்கோ போயிற்று. அட்டவணையில்லாமல் உங்களுக்கு மூச்சுவிடக்கூடத் தெரியாது என்று நான் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் அது நியாயமில்லாத சொல்.

அந்த நேரத்தில் அவசர ஊர்தி ஒன்று சென்றது. வழிவிட யாரும் இல்லாத சாலையில் அதற்குச் சங்கு தேவையில்லை. விளக்கு மட்டும் சுழன்றது, டயர் உரசும் ஓசை மட்டும் கேட்டது. உள்ளே இருந்தவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளுடை அணிந்திருந்தார். அது திரும்பி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அப்படியே வீடு திரும்பினோம். விளிம்பில் இன்று எவ்வளவு தூரம் என்று அவர் குறிக்கவில்லை, நான் கேட்கவில்லை.

செவ்வாய், ஏப்ரல் 7

நேற்றிரவு பிரிட்டன் பிரதமரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் காலையில் கண்ட முதல் செய்தி. பகலெல்லாம் இரண்டு கணினிகளுக்குப் பின்னால் இருந்தோம். மாலை ஐந்து மணியளவில் அவர் மேசையின் மறுமுனையிலிருந்து, “இன்னிக்குச் சாயங்காலமாப் போலாமா? இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம்” என்றார். அட்டவணையில் காலை என்றுதான் இருந்தது. அவரே மாற்றியிருக்கிறார். பையையும் எடுக்கவில்லை.

விளிம்பில் இன்னும் எவ்வளவோ மிச்சம். முதல் நாள் கணக்குப்படி நாலாம் நாளுக்கு மிஞ்ச வேண்டிய 280 மீட்டரையாவது நடந்துவிடுவோம் என்று முடிவுசெய்து, தெருக்கள் மேடேறிப் போகும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். அகலமான சாலை, எதிரே ஆளில்லை, முழுவதும் அருகருகே நடக்க முடிந்தது.

பாதி மேட்டில் அவர் பேசத் தொடங்கினார். என்னைப் பார்த்து அல்ல, முன்னால் பார்த்தபடி. அவருடைய அம்மா 340 கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறார். கடைசியாகப் பிப்ரவரியில் பார்த்தோம். நாள்தோறும் இரவு நான் தூங்கியபின், அவர் வரைபடத்தில் அந்தத் தூரத்தை அளக்கிறாராம்: எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தடுப்பு, அம்மாவுக்கு ஒன்றென்றால் எந்த அனுமதியை யாரிடம் கேட்பது, எத்தனை மணி நேரமாகும். படிவத்தை நிரப்பியே வைத்திருக்கிறாராம், தேதியை மட்டும் விட்டுவிட்டு. “அந்த அனுமதிய நாளைக்கு நான் போய்க் கேக்கணும்னா, இன்னிக்கு இந்த இருபது மீட்டர்ல நான் சரியா இருக்கணும்னு தோணுது. முட்டாள்தனம்தான்” என்றார்.

மூன்று வாரமாக நான்கடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடமிருந்து இது வரவில்லை. அங்கே எதிரெதிரே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கப்படும்போது இதையெல்லாம் சொல்ல முடியாதுபோலும். நேற்று சொன்னதற்கு வருந்துகிறேன் என்றேன். “எது, மூச்சுவிடறதா?” என்றார். பிறகு, முடிவெட்டியது பின்னால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஏற்கெனவே தெரியுமாம், இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்துவிட்டாராம்.

மேட்டின் உச்சிதான் எங்கள் வட்டத்தின் விளிம்பு. அங்கே திரும்பியபோது கிழக்கே நிலா எழுந்திருந்தது. இந்த ஆண்டின் முழுநிலவுகளில் பூமிக்கு மிக அருகில் வருவது இன்றைய இரவுக்குரியது. ஏறத்தாழ 3,57,000 கிலோமீட்டர். அடிவானத்தில் கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்போது எந்த நிலவும் பெரிதாகத்தான் தோன்றும், அது கண்ணின் மயக்கம் என்று அறிவியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரிந்துமே வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அம்மா வீட்டைப்போல ஆயிரம் மடங்கு தொலைவு என்று அவர் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு அம்மாவுக்கே தொலைபேசினார்.

“அம்மா, நிலா பாத்தீங்களா? மாடிக்குப் போய்ப் பாருங்க.”

மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. “வாசப்படிய தாண்டக்கூடாதுன்னு காலையில அரைமணி நேரம் பாடம் எடுத்த. இப்ப மாடி ஏறச் சொல்ற. ஏதாவது ஒண்ணச் சொல்லுப்பா.”

280 மீட்டரைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். திரும்புவதற்கு முன், கீழே பரந்துகிடந்த கூரைகளுக்கு நடுவே எங்கள் கட்டடம் எது என்று தேடினோம். இத்தனை தூரத்திலிருந்து, இந்தப் பக்கத்திலிருந்து, நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. அவர் காட்டிய கட்டடத்துக்கு இரண்டு தள்ளி இருப்பதுதான் என்று நான் சாதித்தேன். மூன்றாம் தளத்தில் ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம் இருந்தது. உள்ளே ஒரு மேசையின் விளிம்பும் நாற்காலியின் முதுகும் நிழலாகத் தெரிவதாக எனக்குப் பட்டது. அவ்வளவு தூரத்தில் தெரியாது என்றார் அவர்.

“விளக்க அணைக்காம வந்துட்டோமா?”

“கடைசியா வந்தது நீதானே?”

“நான் செருப்பு போட்டுட்டு வாசல்ல நின்னேன். பூட்டினது நீங்க.”

இறக்கத்தில் நடை வேகமாகிவிட்டது. இருட்டு முழுமையாகப் படிவதற்குள் வாசலை அடைந்தபோது, படிவத்தில் எழுதியிருந்த நேரப்படி எங்களுக்கு இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. மாடிப்படியில் கால் வைக்காமல், அந்த மூன்று நிமிடத்தையும் வெளியே நின்றே செலவழித்தோம்.